எஸ்.எஸ்.டி. ஹோஸ்டிங் வாங்கினால் வெப்சைட் பறக்குமா?

சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக் கொள்வது இப்போது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமான விஷயம் இல்லை. விழுப்புரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவரும், திண்டிவனத்தில் டியூஷன் சென்டர் நடத்துபவரும் தங்கள் பெயரில் டொமைன் வாங்கி வெப்சைட் அமைத்து விடுகிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதமே ஆனவர்கூட வேர்ட்பிரஸ் போன்ற இலவச சாப்ட்வேர் உதவியுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்து முடித்து விடலாம். பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. முகவரியை டைப் செய்து என்டர் தட்டினால் வெறும் வெள்ளைத் திரை. வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் செய்தால், "எஸ்.எஸ்.டி. பிளானுக்கு மாறி விடுங்கள் சார், சைட் பறக்கும்" என்கிறார்கள்.

மாறினால் பறக்குமா? சில சமயம் பறக்கும். பல சமயம் காசுதான் பறக்கும். எந்தச் சமயத்தில் எது என்று தெரிந்து கொள்ள, என்டர் தட்டியதிலிருந்து பக்கம் திரையில் தெரியும் வரை நேரம் எங்கெங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும்தான், பயப்படாதீர்கள்.

சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான்

ஹோஸ்டிங் என்பது வாடகை இடம். உங்கள் பக்கங்களும் படங்களும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கும். அதைத்தான் சர்வர் என்கிறோம். உங்கள் மேஜையில் இருப்பதைப் போலவே அதிலும் பிராசசர், ரேம், டிஸ்க் மூன்றும் உண்டு. மானிட்டரும் கீ போர்டும் இருக்காது. இரவு பகல் ஓடிக் கொண்டே இருக்கும். விலை குறைந்த பிளான்களில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்களை வைத்திருப்பார்கள். இதற்கு ஷேர்டு ஹோஸ்டிங் என்று பெயர். லாட்ஜில் எல்லா அறைகளுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி இருப்பதைப் போன்றது இது. காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல் மாடிக்காரருக்குச் சொட்டு சொட்டாகத்தான் வரும்.

சுற்றும் தட்டு, சுற்றாத சிப்

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்திருந்தால், உள்ளே கண்ணாடி போல் மின்னும் வட்டத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கிராமபோன் முள்ளைத் தாங்கும் கை போல ஒரு கையும் இருக்கும். ஆனால் இது தட்டைத் தொடாது. மயிரிழையைவிடக் குறைந்த உயரத்தில் மிதந்தபடி படிக்கும். தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். (ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு விநாடி.) வேண்டிய தகவல் கைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 மில்லி செகண்ட் என்று வைத்தால் மொத்தம் 12 ஆகிறது. இந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 80 இடங்களில் இருந்துதான் தகவலை எடுக்க முடியும்.

உங்கள் வெப்சைட்டின் ஒரு பக்கத்தை உருவாக்க டிஸ்க்கில் 40 இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதற்கே அரை விநாடி போய்விட்டது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் பத்தாவது ஆளுக்கு ஐந்து விநாடி. பக்கத்து அறைக்காரர்கள், அதாவது அதே சர்வரில் உள்ள மற்ற வெப்சைட்கள், குழாயைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எஸ்.எஸ்.டி. என்பது சாலிட் ஸ்டேட் டிரைவ். பென் டிரைவில் இருக்கும் அதே வகை ஃபிளாஷ் சிப்கள்தான், இன்னும் தரமானவை. சுற்றும் தட்டு கிடையாது, நகரும் கை கிடையாது. எந்த இடத்தில் இருக்கும் தகவலானாலும் 0.1 மில்லி செகண்ட் அளவில் கிடைத்துவிடும். மேலே சொன்ன 40 இடங்களுக்கும் சேர்த்து 4 மில்லி செகண்ட் போதும். அரை விநாடி எங்கே, 4 மில்லி செகண்ட் எங்கே! என்.வி.எம்.ஈ. என்று விளம்பரங்களில் வருவதும் எஸ்.எஸ்.டி.தான். பழைய சாட்டா கேபிள் வழியில் விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்.பி.தான் போகும். இது மதர்போர்டின் வேகமான பாதையில் நேரடியாக இணைவதால் அதைவிடப் பல மடங்கு போகும்.

இந்த இடத்தில் வெப்சைட்டை விட்டுவிட்டு ஒரு விஷயம் சொல்லி விடுகிறேன். உங்கள் வீட்டில் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்து, விண்டோஸ் திறக்கவே காபி குடித்து முடிக்கும் நேரம் ஆகிறதென்றால், தூக்கிப் போடாதீர்கள். ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் விண்டோஸை நிறுவுங்கள். ஹோஸ்டிங்கில் எஸ்.எஸ்.டி. செய்யும் மாற்றத்தைவிட வீட்டுக் கம்ப்யூட்டரில் அது செய்யும் மாற்றம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

மாறியும் வேகம் வரவில்லையே!

திண்டிவனத்தில் என் நண்பர் ஒருவர் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். இந்த ஊருக்கும் நிலக்கடலைக்கும் பழைய உறவு. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்குத்தான் டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனத்தின் சுருக்கம் அது. நண்பரின் வெப்சைட்டில் எண்ணெய் வகைகள், படங்கள், ஆர்டர் செய்ய ஒரு பாரம், இவற்றோடு விவசாயிகளிடமிருந்து அன்றைக்கு என்ன விலைக்குக் கடலை எடுக்கிறார் என்று ஒரு பக்கமும் உண்டு. சைட் மெதுவாக இருக்கிறது என்று எஸ்.எஸ்.டி. பிளானுக்கு மாறினார். என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, காசு கட்டி ஒரு மாசம் ஆச்சு. அரை செகண்ட்கூட குறைஞ்ச மாதிரி தெரியலையே" என்றார்.

நான் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, சர்வர் அமெரிக்காவில் இருந்தது. இரண்டாவது, ஒவ்வொருவர் வரும்போதும் வேர்ட்பிரஸ் அதே பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொண்டிருந்தது. மூன்றாவது, போனில் எடுத்த போட்டோக்களை அப்படியே ஏற்றியிருந்தார். ஒவ்வொன்றும் 4 எம்.பி. இந்த மூன்றில் எதையும் எஸ்.எஸ்.டி. தொடவே தொடாது.

போட்டோ விஷயம் சுலபம். பெயின்டில் திறந்து அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்தால் 4 எம்.பி. படம் பெரும்பாலும் 200 கே.பி. அளவுக்கு வந்துவிடும். பாதிப் பேரின் பிரச்னை இதோடு தீரும்.

தூரம் அப்படி இல்லை. ஃபைபர் கேபிளில் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். போய் வர 27,000. அதற்கு 135 மில்லி செகண்ட் ஆகும். கடலடி கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் 200க்கு மேல். அதோடு முடியவில்லை. பிரவுசர் சர்வருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்; அடுத்து பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த வேண்டும்; அதன் பிறகுதான் பக்கத்தைக் கேட்க வேண்டும். குறைந்தது மூன்று முறை போய் வர வேண்டும். 600 மில்லி செகண்ட் போய்விட்டதா? சர்வர் டிஸ்க்கே இல்லாமல் மந்திரத்தில் பதில் கொடுத்தாலும் இந்த நேரம் குறையாது. சர்வர் மும்பையில் இருந்தால் தூரம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்தான். வாடிக்கையாளர்கள் எல்லோரும் விழுப்புரம் ஜில்லாவிலும் பாண்டிச்சேரியிலும் இருக்கும்போது அமெரிக்காவில் இடம் வாடகைக்கு எடுப்பானேன்?

மீதி இருப்பது அந்த இரண்டாவது விஷயம்.

கேஷ் என்றால் பணம் இல்லை

உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் இது கல்லாப்பெட்டியில் இருக்கும் கேஷ் அல்ல. ஒருமுறை செய்த வேலையின் விடையைக் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைத்துக் கொள்வதற்குப் பெயர் கேஷ்.

விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக் கொள்ளுங்கள். செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், பாண்டிச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளுக்கு ரயில் பிரியும் இடம். விசாரணை கவுன்டரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பயணியும் வந்து, "திருச்சி வண்டி எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்க, அவர் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறார் என்றால் வரிசை வெளியே ஆட்டோ ஸ்டாண்டு வரை நிற்கும். அதற்குப் பதில் ஒருமுறை கேட்டு, போர்டில் எழுதி வைத்து விடுகிறார். ஆயிரம் பேர் பார்த்துக் கொண்டு போகலாம். அந்த போர்டுதான் கேஷ். கவுன்டர்காரருக்கு வேகமான போன் வாங்கிக் கொடுப்பது எஸ்.எஸ்.டி. போடுவதைப் போல. நல்லதுதான், ஆனாலும் அவர் ஆயிரம் முறை பேசித்தான் ஆக வேண்டும்.

வேர்ட்பிரஸ் பக்கத்திலும் இதுதான் நடக்கிறது. பி.எச்.பி. புரோகிராம் ஓட வேண்டும், டேட்டாபேஸைக் கேட்க வேண்டும், வந்த பதில்களைக் கோர்த்துப் பக்கமாக்க வேண்டும். டிஸ்க் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்தக் கோர்க்கும் வேலை பிராசசருடையது. கேஷ் பிளகின் ஒன்றைப் போட்டால், முதல் ஆள் வரும்போது தயாரித்த பக்கத்தை முழுப் பக்கமாகச் சேமித்து வைத்து, அடுத்து வருபவர்களுக்கு அதையே எடுத்துக் கொடுத்து விடும். வேலையை வேகமாகச் செய்வதைவிட வேலையைச் செய்யாமல் இருப்பது எப்போதும் வேகம்!

அந்த போர்டை எங்கே மாட்டுவது என்பதிலும் வித்தியாசம் உண்டு. ரேமில் இருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ செகண்ட் ஆகும். இதை ஒரு நிமிடம் என்று பெரிதாக்கிப் பாருங்கள். அதே அளவில் எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க 16 மணி 40 நிமிடம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க 83 நாட்கள். அதனால்தான் பெரிய வெப்சைட்கள் அடிக்கடி கேட்கப்படும் தகவல்களை டிஸ்க் பக்கமே போகவிடாமல் ரேமில் வைத்துக் கொள்கின்றன. லைவ்ஜர்னல் என்ற தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003ல் எழுதிய மெம்கேஷ்டு என்ற இலவச சாப்ட்வேர் இதற்காகவே வந்தது. நார்வே நாட்டுப் பத்திரிகையான வி.ஜி.யின் தளத்துக்காக 2006ல் வந்த வார்னிஷ் இன்னொன்று.

தட்கல் டிக்கெட்டும் ரேமும்

நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஐ.ஆர்.சி.டி.சி. ஆன்லைனில் ரயில் டிக்கெட் விற்பனை 2002ல் ஆரம்பித்தது. நாளாக ஆகக் கூட்டம் தாங்கவில்லை. காலை பத்து மணிக்குத் தட்கல் திறந்ததும் பக்கம் உறைந்து நிற்கும். மீண்டு வரும்போது வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக் கொண்டிருக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும் விடியற்காலையில் ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்டரில் போய் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

ஏப்ரல் 2014ல் புதிய சிஸ்டம் வந்தது. ரயில்வேயின் கம்ப்யூட்டர் அமைப்பான கிரிஸ் இதை உருவாக்கியது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. நிறைய சர்வர்களைப் போட்டது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஜெம்ஃபயர் என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தி, பல சர்வர்களின் ரேமை ஒன்றாகச் சேர்த்து, அடிக்கடி தேவைப்படும் தகவலை அதிலேயே வைத்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி வைக்க முடியாது. விழுப்புரத்திலிருந்து மதுரைக்கு என்னென்ன வண்டிகள், எத்தனை மணிக்கு என்பது இன்று முழுவதும் மாறாது. அதை போர்டில் எழுதலாம். எத்தனை சீட் மிச்சம் என்பது விநாடிக்கு விநாடி மாறும். எழுதலாம், ஆனால் அடிக்கடி அழித்து எழுத வேண்டும். சீட்டை உங்கள் பெயரில் பதிவு செய்வதை மட்டும் போர்டைப் பார்த்துச் செய்யவே கூடாது. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்ததாகி விடும். அதற்கு அசல் ரெஜிஸ்டரைத்தான் திறக்க வேண்டும். டிக்கெட் ஆப்களில் 12 சீட் இருக்கிறது என்று காட்டி, உள்ளே போனதும் வெயிட்டிங் லிஸ்ட் என்று வருகிறதே, அதன் காரணம் பல சமயம் இதுதான். நீங்கள் முதலில் பார்த்தது போர்டு. கூர்ந்து பார்த்தால் பக்கத்திலேயே சிறிய எழுத்தில், இத்தனை நிமிடம் முன்பு எடுத்த தகவல் என்று போட்டிருப்பார்கள். அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் நேர்மாறான உதாரணம். தமிழ்நாட்டில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதுகிறார்கள். எட்டு லட்சம் என்றே வைத்துக் கொள்வோம். ஒரு மாணவரின் பெயர், பதிவு எண், ஆறு பாட மதிப்பெண்கள் எல்லாம் சேர்த்து 500 பைட் இருந்தாலும் மொத்தம் 400 எம்.பி.தான் வருகிறது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ரேமிலேயே முழு தமிழ்நாட்டு ரிசல்ட்டும் அடங்கி விடும்! அன்று காலை வெளியிட்ட பிறகு மதிப்பெண் மாறப் போவதும் இல்லை. கேஷ் செய்வதற்கென்றே பிறந்த தகவல் இது.

பழைய விலை காட்டினால் யார் பொறுப்பு?

இப்போது கேஷின் ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். ரயில் லேட் என்று தெரிந்த பிறகும் போர்டை மாற்றி எழுதாவிட்டால்? போர்டே இல்லாமல் இருப்பதைவிட அது மோசம்.

நண்பரின் எண்ணெய்க் கடை சைட்டில் கேஷ் போடும்போது எனக்கு இந்தக் கவலைதான் முதலில் வந்தது. பிளகின் ஒரு பக்கத்தை 24 மணி நேரம் வைத்துக் கொள்ளும்படி அமைத்தால், அவர் காலையில் மாற்றிய கடலை விலை மறுநாள் வரை பழையதாகவே தெரியலாம். பெரும்பாலான பிளகின்கள் பக்கத்தை நீங்கள் திருத்தியதும் பழைய நகலைத் தாமாக அழித்துவிடும். ஆனால் நண்பர் பக்கத்தைத் திருத்துவதில்லை. விலையை ஒரு எக்செல் ஷீட்டில் மாற்றுவார், பக்கம் அதைப் படித்துக் காட்டும். பக்கம் மாறியதே பிளகினுக்குத் தெரியாது. எனவே விலைப் பக்கத்தை மட்டும் கேஷில் சேர்க்காதே என்று விலக்குப் பட்டியலில் போட்டு விட்டோம். ஆர்டர் பாரத்துக்கும் அதே விலக்கு.

இது வீண் கவலை என்று நினைக்காதீர்கள். வேறொரு வியாபாரியின் சைட்டில் முந்தைய நாள் விலை தெரிந்து, அதை நம்பி மயிலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி லோடு ஆட்டோ வைத்து மூட்டைகளைக் கொண்டு வந்துவிட்டார். அன்று மூட்டைக்கு விலை இறங்கியிருந்தது. அவர் போனை நீட்டி, "இங்க பாருங்க, நீங்க போட்ட விலைதானே?" என்கிறார். வியாபாரி தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டுகிறார். அங்கே புதிய விலை இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை! கடைசியில் வியாபாரி பழைய விலையையே கொடுத்து அனுப்பினார். ஆட்டோ வாடகை கொடுத்து வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை என்றார். விலை மாறும் எந்தப் பக்கத்திலும், இது எந்தத் தேதி, எத்தனை மணி விலை என்று பக்கத்திலேயே எழுதி விடுங்கள். கேஷ் தவறினாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சர்வரில் கேஷை அழித்த பிறகும் விவசாயியின் போனில் பழைய விலை எப்படி வந்தது? பிரவுசருக்கும் தனியாக ஒரு கேஷ் உண்டு. ஒருமுறை இறக்கிய லோகோ, படம், சில சமயம் பக்கத்தையே உங்கள் கம்ப்யூட்டரிலோ போனிலோ அது வைத்துக் கொள்ளும். எத்தனை நேரம் வைத்துக் கொள்ளலாம் என்று சர்வர்தான் சொல்லி அனுப்புகிறது. அந்த நேரம் முடியும் வரை அது உங்கள் சர்வரை எட்டிப் பார்க்கவே பார்க்காது. உங்கள் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எஃப் 5 தட்டினால் கேஷை ஒதுக்கி விட்டுப் புதிதாகக் கொண்டு வரும். ஊரில் உள்ள எல்லோரையும் இப்படித் தட்டச் சொல்ல முடியாதே. அதனால் லோகோ, டிசைன் ஃபைல்களுக்கு நீண்ட நாட்களும், விலை போன்ற பக்கங்களுக்கு நேரமே இல்லாமலும் வைப்பது வழக்கம்.

போர்டை அழித்த அந்த ஒரு நிமிடம்

கேஷில் இன்னொரு சிக்கலும் உண்டு. போர்டை அழித்துப் புதிதாக எழுதுவதற்குள் நூறு பேர் வந்துவிட்டால், நூறு பேரும் கவுன்டருக்குப் பாய்வார்கள். 2009 ஜூன் 25ம் தேதி மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது விக்கிபீடியாவில் இதுதான் நடந்தது. அவரைப் பற்றிய பக்கத்தை ஏராளமானவர்கள் பார்க்கிறார்கள். அதே நேரம் பலர் அதைத் திருத்திக் கொண்டும் இருக்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய நகல் செல்லாததாகிறது. உடனே பல சர்வர்கள் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் தயாரிக்கப் போய் மொத்தமாகத் திணறிவிட்டன. அதன் பிறகு பூல்கவுன்டர் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் போய்க் கேட்கட்டும், மற்றவர்கள் நில்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

தூரத்துக்கும் கேஷே மருந்து என்பதற்கும் விக்கிபீடியா நல்ல உதாரணம். 2003ல் ஆரம்பித்த தமிழ் விக்கிபீடியாவின் அசல் சர்வர்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஆனால் 2018ல் சிங்கப்பூரில் ஆசியாவுக்காக ஒரு கேஷ் மையம் திறந்தார்கள். நீங்கள் விழுப்புரம் பற்றிய பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் அதன் நகல் சிங்கப்பூரிலிருந்தே வந்துவிடும். இப்படி உலகம் முழுவதும் போர்டு மாட்டி வைக்கும் சேவையை மற்ற தளங்களுக்கும் சில நிறுவனங்கள் தருகின்றன, சி.டி.என். என்று பெயர். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2015ல் சென்னை, மும்பை, டெல்லியில் மையம் திறந்தது. அதில் இலவசத் திட்டமும் உண்டு. ஆனால் இலவசத்தில் உங்களுக்கு எப்போதும் சென்னையிலிருந்தே வரும் என்று உறுதி எதுவும் கிடையாது.

நீங்களே அளந்து பாருங்கள்

ஹோஸ்டிங் மாற்றும் முன் உங்கள் சைட்டுக்கு என்ன நோய் என்று பார்த்து விடுங்கள். குரோம் பிரவுசரில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப் 12 கீயைத் தட்டுங்கள். திறக்கும் பகுதியில் நெட்வொர்க் என்ற டேபைத் தேர்வு செய்து, எஃப் 5 தட்டிப் பக்கத்தை மறுபடி வரவழையுங்கள். வரிசையாகப் பெயர்கள் வரும். அவற்றில் முதல் வரிதான் உங்கள் பக்கம். அதைக் கிளிக் செய்து டைமிங் என்ற பகுதிக்குப் போனால் சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் தெரியும். இது ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் சர்வர் வேலை செய்து கொண்டிருக்கிறது அல்லது வெகு தொலைவில் இருக்கிறது. இந்த நேரம் குறைவாக இருந்தும் சைட் மெதுவாக வந்தால் படங்கள்தான் குற்றவாளி. சைஸ் என்ற காலத்தில் எது பெரியது என்று பாருங்கள். அதே காலத்தில் சில வரிகளில் டிஸ்க் கேஷ், மெமரி கேஷ் என்று எழுதியிருக்கும். அவை இன்டர்நெட்டுக்கே போகாமல் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே வந்தவை.

தூரத்தைத் தனியாக அறிய, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். போய் வந்த நேரம் மில்லி செகண்டில் நான்கு முறை வரும். 200க்கு மேல் என்றால் சர்வர் பெரும்பாலும் கடல் கடந்து இருக்கிறது. 50க்குள் என்றால் அருகில்தான். (சி.டி.என். பயன்படுத்தினால் நீங்கள் அளப்பது அதன் மையத்துக்கான தூரத்தை.)

என்னைக் கேட்டால் செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்: படங்களைச் சுருக்குவது, அடுத்து கேஷ் பிளகின். டபிள்யூ.பி. சூப்பர் கேஷ் இலவசம். புதியவர்களுக்கு அதில் குழப்பம் குறைவு. உங்கள் ஹோஸ்டிங்கில் லைட்ஸ்பீட் சர்வர் என்றால் அதற்கென்றே லைட்ஸ்பீட் கேஷ் இருக்கிறது. இரண்டு கேஷ் பிளகின்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று அழித்த நகலை மற்றது வைத்துக் கொண்டு அழும்பு செய்யும். பிறகு சர்வர் இந்தியாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் முடித்தும் போதவில்லை என்றால் எஸ்.எஸ்.டி. பிளான். நிறைய பொருட்களை வைத்து ஆன்லைனில் விற்பவர்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பக்கம் காட்டும் தளம் வைத்திருப்பவர்கள் மட்டும் நேராக எஸ்.எஸ்.டி.க்குப் போகலாம். அங்கே கேஷ் பாதி வேலைதான் செய்யும். டேட்டாபேஸைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பிளான் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். டேட்டாபேஸும் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்கிறதா, அல்லது ஃபைல்கள் மட்டுமா? விளம்பரத்தில் இது தெளிவாக இருக்காது. புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். முதல் வருடச் சலுகை விலைக்கும் அடுத்த வருட விலைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

பேக்கப் விஷயத்தையும் மறந்து விடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன் பல நேரம் கரகர என்று சத்தம் கொடுக்கும், மெதுவாகும். எஸ்.எஸ்.டி. அப்படி எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரு காலையில் நின்றுவிடக் கூடியது. அழிந்த தகவலை மீட்பதும் சிரமம். கம்பெனி பேக்கப் எடுக்கிறது என்று சொன்னாலும், வாரம் ஒருமுறை முழு சைட்டையும் டேட்டாபேஸையும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். வீட்டில் எஸ்.எஸ்.டி. போட்டபோது கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், இரண்டாவது நகலுக்கு அதுவே போதும். வேகமாக ஓட வேண்டிய அவசியம் அதற்கு அங்கே இல்லை.